உப்புக்காற்றில் சைக்கிளுக்கு ஸ்பிரே பெயின்ட்: எதை வாங்குவது, எப்படி அடிப்பது

கடைக்குப் போய் நிறம் பார்ப்பதற்கு முன்னால் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள். திருகோணமலைக் கரையோரத்தில், திருக்கடலூரிலோ டச்சு விரிகுடாப் பக்கமோ உப்புவெளியிலோ இருக்கிற ஒருவர் தன் சைக்கிளுக்கு அடித்த பெயின்ட், கடலுக்குத் தள்ளியுள்ள கந்தளாயில் இருக்கிறவர் அடித்த அதே கம்பனிப் பெயின்ட் அளவுக்கு உழைக்காது. கடற்கரையில் இரும்பைத் தின்பது உப்பு. அந்த உப்பு பெயின்ட்டுக்கு மேலே படிந்தால் கழுவிவிடலாம், கீழே மாட்டிக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது, உள்ளேயிருந்தே ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும், பிறகு அந்தக் கொப்புளம் உடைந்து கறள் வெளியே வரும். எந்தக் கேன் நீடிக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: இரும்பைக் கழுவுவதிலும், நிறத்துக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரிலும் காசையும் நேரத்தையும் போடுங்கள், நிறத்தில் மிச்சம் பிடியுங்கள்.

உங்கள் பிரேம் என்ன உலோகம் என்று தெரிந்துகொள்ள ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உருக்கு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். பழைய ராலி, லுமாலா போன்ற வீட்டுச் சைக்கிள்கள் உருக்குத்தான், நான் இங்கே சொல்வதும் அதற்குத்தான். அலுமினியம் என்றால் பிரைமர் மாறும், அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

கேனில் என்னென்ன வகை

ஸ்பிரே கேன்கள் வெளியே ஒரேமாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது மூன்று நான்கு வேறு வேறு சாமான்கள். அக்ரிலிக் லாக்கர் என்பது அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டும் காய்கிறது. கால் மணித்தியாலத்தில் தொடலாம், அடுத்த பூச்சையும் அடிக்கலாம், புதியவர் கையில் தவறு வந்தாலும் தேய்த்துத் திருத்தலாம். ஆனால் காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் மறுபடி கரையும், பெற்றோல் பட்டாலும் மினுக்கம் போகும். எனாமல் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து மெதுவாக இறுகுகிறது. முழுக்க இறுகியபின் லாக்கரைவிட உரமாகவும் எண்ணெய்க்குத் தாங்கக்கூடியதாகவும் இருக்கும், ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அடுத்த பூச்சை ஒரு மணித்தியாலத்துக்குள் அடிக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு நாள் விட்டு அடிக்க வேண்டும், இடையில் அடித்தால் அடிப்பூச்சு வீங்கி முழுதும் சுருங்கிப்போகும். எவ்வளவு நேரம் என்பது கேனிலேயே எழுதியிருக்கும், அதை வாசிக்காமல் அடிக்கவே கூடாது.

மூன்றாவது, டூ-கே எனப்படும் இரண்டு பாகப் பெயின்ட். கேனின் அடியில் இருக்கும் குமிழை அழுத்தினால் உள்ளே தனியாக இருக்கும் ஹார்ட்னர் பெயின்ட்டோடு கலக்கும், கலந்தபின் ஒன்றிரண்டு நாளில் முடித்துவிட வேண்டும், பிறகு கேனுக்குள்ளேயே இறுகிவிடும். கேனில் அடிக்கக்கூடியவற்றுள் மிக உரமானது இதுதான். பெற்றோல், தின்னர், செயின் கழுவும் மண்ணெண்ணெய், எதற்கும் அசையாது. ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது சுவாசத்துக்குள் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும், ஒருதரம் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும், மணத்தை வைத்து ஆபத்தை அறியவும் முடியாது. துணி மாஸ்க், ஆஸ்பத்திரி மாஸ்க் ஒன்றும் உதவாது. நச்சு ஆவியை வடிகட்டும் சரியான கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை, கண்ணாடி இல்லாதவர்கள் இதை வீட்டில் அடிக்கவே வேண்டாம். அதற்குப் பதிலாக நிறம் வரைக்கும் நீங்களே அடித்து நன்றாகக் காயவிட்டு, வாகனம் பெயின்ட் அடிக்கும் கராஜ் ஒன்றில் கொடுத்து மேலே டூ-கே கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, மட்டும் அடித்துத் தரச் சொல்லலாம். கொடுக்கும்போது கீழே என்ன அடித்திருக்கிறது என்று கட்டாயம் சொல்லுங்கள், எனாமலுக்கு மேல் அந்தக் கிளியர் போனால் தூக்கிவிடும்.

சூடு தாங்கும் பெயின்ட் என்று இன்னொன்று உண்டு, சைலன்சருக்கும் எஞ்சினுக்கும் அடிப்பது. சூட்டையே தாங்குகிறதே, அப்படியென்றால் இதுதான் எல்லாவற்றிலும் உரம் என்று நினைத்துச் சைக்கிளுக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சைலன்சர் வகை, சூடேற்றினால்தான் முழுதாக இறுகும். சைக்கிள் பிரேம் சூடாவதே இல்லை, ஆகவே அது எப்போதும் மென்மையாகவே கிடந்து நகம் பட்டாலே கீறும். வாங்க வேண்டாம்.

மினுக்கமா, மினுக்கமில்லாத மெட் பூச்சா என்றால், கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு மினுக்கம்தான் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மெட் பூச்சின் மேற்பரப்பு நுண்ணிய அளவில் கரடுமுரடானது, அதனால்தான் வெளிச்சம் தெறிக்காமல் இருக்கிறது. அதே கரடுமுரட்டில்தான் உப்பும் தூசியும் எண்ணெய்யும் பிடித்துக்கொள்ளும், தேய்த்துப் பொலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் வழவழத்துத் திட்டாகத் தெரியும். மெட் கறுப்புத்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் மினுக்கமும் மெட்டும் அல்லாத சாட்டின் பினிஷ் பாருங்கள்.

பிரைமர்

இங்கேதான் கவனம் வேண்டும். கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஒக்சைட், தூரிகையால் பூசும் எனாமல் வகையாக இருந்தால், அதற்கு மேல் லாக்கர் ஸ்பிரே அடிக்கக்கூடாது, லாக்கரின் கரைப்பான் அதைத் தூக்கிவிடும். எனாமலை லாக்கருக்கு மேல் அடிக்கலாம், லாக்கரை எனாமலுக்கு மேல் அடிக்க முடியாது, இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிச் சுருக்கங்கள் வராது. ஏற்கெனவே சைக்கிளில் இருக்கும் பெயின்ட் எது என்று தெரியாவிட்டால், சீற்றுக்குக் கீழே மறைவான இடத்தில் தின்னர் நனைத்த துணியை வைத்துத் தேயுங்கள். நிறம் துணிக்கு வந்தால் கரையக்கூடிய பெயின்ட், வராவிட்டால் பெரும்பாலும் கம்பனியில் சூளையில் வேகவைத்ததோ டூ-கேயோ. அது உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தால் முழுக்க உரிக்கத் தேவையில்லை, தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம்.

நாகத்தூள் கலந்த சிங்க் பிரைமர், சிலர் கோல்ட் கல்வனைஸ் என்பார்கள், இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். அதனால் அது வெறும் இரும்பைத் தொட வேண்டும். பழைய பெயின்ட்டுக்கு மேலோ கறளுக்கு மேலோ அடித்தால் வெறும் சாம்பல் நிறப் பெயின்ட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அதற்கு மேல் எனாமலை நேரே அடித்தால் காலப்போக்கில் கழன்று வரும், ஆகவே அக்ரிலிக் அல்லது எபொக்சி அடியுங்கள். எட்ச் பிரைமர் அமிலம் கலந்தது, பளபளப்பான வெறும் உலோகத்தில் பல் பிடிக்கத்தான் அது, மிக மெல்லியது, தனியே ஈரத்தைத் தடுக்காது.

என் தெரிவு எபொக்சி பிரைமர். ஈரத்தையும் உப்பையும் உள்ளே விடாமல் தடுப்பதில் அதுதான் கெட்டி. ஆனால் வெயில் பட்டால் மாவாக உதிரும், அதனால் மேலே வேறு பூச்சுக் கட்டாயம் வேண்டும். கேனில் எபொக்சி என்று எழுதியிருந்தாலும் அடியில் குமிழ் இல்லாவிட்டால் அது ஒரு பாக வகை, இரண்டு பாகத்தின் உரம் அதற்கு இல்லை, இருந்தாலும் சாதாரணப் பிரைமரைவிட நல்லது. குமிழ் உள்ள எபொக்சிக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கையுறையும் வேண்டும்.

ஆகவே புதியவர் ஒருவர் என்னிடம் கேட்டால்: எபொக்சி பிரைமர், அதற்கு மேல் அக்ரிலிக் நிறம், அதற்கு மேல் மினுக்கக் கிளியர். காசு இறுக்கம் என்றால் ஒரே கம்பனியின் எனாமல் பிரைமரும் எனாமல் நிறமும், கிளியர் இல்லாமல். ஒரு பிரேமுக்கும் முன் போர்க்குக்கும் 400 மில்லிலீற்றர் கேனில் பிரைமர் ஒன்று, நிறம் ஒன்று அல்லது இரண்டு, கிளியர் ஒன்று என்று கணக்கு வையுங்கள். குழாய் உருண்டையானது, அடிப்பதில் பெரும்பகுதி பக்கத்தால் காற்றில் போகும், அதனால் கேனில் எழுதியிருக்கும் பரப்பளவை நம்பி வாங்கினால் நடுவில் முடிந்துபோகும்.

எப்போது அடிப்பது

ஐப்பசியிலிருந்து தை வரை மழை, கடலிலிருந்து வரும் காற்றில் ஈரமும் உப்பும், அந்த மாதங்களில் வெளியே வைத்து அடிக்க வேண்டாம். நடு ஆண்டில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது அது தரைப்பக்கமிருந்து வருவதால் உப்புக் குறைவு, காய்ந்த காற்று, ஆனால் தூசியும் வெக்கையும். பெயின்ட் துளி இரும்பில் படுவதற்கு முன்பே காற்றில் அரைவாசி காய்ந்து மணல் தூவினமாதிரிப் படியும், அந்தப் பூச்சு பார்க்கவும் அசிங்கம், துளைகள் நிறைந்திருப்பதால் உழைக்கவும் உழைக்காது. மாசி பங்குனியில் காற்று அடங்கிய நாட்கள் கிடைக்கும், அதுதான் நல்ல காலம். கச்சான் மாதத்தில்தான் செய்ய வேண்டும் என்றால் பனி ஈரம் காய்ந்தபிறகு காற்று எழும்புவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

காலையில் இரும்பு ஈரமா இல்லையா என்று கண்ணால் தெரியாது. ஈரத்துணியால் பிரேமில் ஒரு துண்டைத் துடைத்துப் பாருங்கள், கால் மணித்தியாலத்துக்குள் அந்த ஈரம் தானாகக் காய்ந்தால் அடிக்கலாம், காயாவிட்டால் பொறுங்கள். வெயிலில் சுட்டுக் கிடக்கும் பிரேமுக்கும் அடிக்கக்கூடாது, மேல்தோல் உடனே காய்ந்து உள்ளேயிருக்கும் கரைப்பான் குமிழ் குமிழாக வெளியே வரும். நிழலில், தொட்டால் சூடு தெரியாத நிலையில் இருக்க வேண்டும். கேனையும் வெயிலில் வைக்காதீர்கள், 50 பாகை செல்சியசுக்கு மேல் போனால் வெடிக்கலாம், வெயிலில் பூட்டிய காருக்குள் அந்தச் சூட்டுக்கு அதிக நேரம் எடுக்காது. கேனைத் தள்ளும் வாயு எரியக்கூடியது, அடுப்பு, பீடி, சாமி விளக்கு எதுவும் அருகில் இருக்கக்கூடாது.

வேலை

பிரேமிலிருந்து எல்லாவற்றையும் கழற்றுங்கள். டயரோடும் செயினோடும் வைத்துக் கடதாசி சுற்றி அடித்தால் மூலைகளில் அடிபடாமல் விட்ட இடத்திலிருந்துதான் கறள் தொடங்கும். கழற்றத் தெரியாவிட்டால் சைக்கிள் திருத்தும் கடையில் காசு கொடுத்துக் கழற்றுங்கள், பெடல் அச்சுப் பகுதிக்கு அதற்கென்று ஆயுதம் வேண்டும்.

இனிக் கழுவுதல். தேய்ப்பதற்கு முன்னாலேயே கழுவ வேண்டும், தேய்த்தபின் மட்டும் கழுவினால் போதாது. உப்பும் எண்ணெய்யும் இருக்கும்போது எமரிப் பேப்பரைப் போட்டால் இரண்டையும் இரும்புக்குள்ளேயே தேய்த்து ஏற்றுகிறோம். சட்டி கழுவும் திரவமும் பிரஷ்ஷும் போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். கடலுக்குக் கிட்ட உள்ள கிணறுகள் பலது உவர், அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பை எடுத்து உப்பை வைக்கிறோம், ஆகவே குழாய்த் தண்ணீர். மீன் பெட்டி கட்டி ஓடிய சைக்கிள் என்றால் கரியர் பூட்டும் இடமும் பின் அச்சுப் பக்கமும் மீன் தண்ணீர் ஊறிக் கிடக்கும், அங்கே இரண்டு மடங்கு கழுவுங்கள்.

காய்ந்தபின் கம்பிப் பிரஷ், அதற்குப் பிறகு 80 இலக்க எமரி. கழன்று வரும் கறள் முழுதும் போக வேண்டும். பழைய சைக்கிளின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் பழைய பெயின்ட்டை நனைத்துத் தேயுங்கள், தூள் பறக்கவிடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். வெறும் இரும்பு தெரிந்ததும் திரும்பவும் ஒரு தண்ணீர்க் கழுவல், உடனே துடைத்து உலர்த்தி, ஒரு இரவு வீட்டுக்குள் வையுங்கள். காலையில் குழிகளுக்குள் மட்டும் மஞ்சள் புள்ளிகள் எழும்பியிருந்தால் அந்தக் குழிகளில் இன்னும் உப்பு இருக்கிறது, திரும்பவும் கழுவித் தேய்க்க வேண்டும். அலுப்பான வேலை, தெரியும். ஆனால் முழுக்காரியத்திலும் பெயின்ட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த இரவுதான், இதைத் தாண்டி ஓடாதீர்கள்.

குழிக்குள்ளிருந்து எடுக்கவே முடியாத கொஞ்சக் கறளுக்குக் கறளை மாற்றும் திரவம் பூசலாம். டானிக் அமில வகை கறுப்பாக மாறி நிற்கும். பொஸ்போரிக் அமில வகையைக் கம்பனி சொன்னபடி கழுவி அகற்ற வேண்டும், அதன் மிச்சத்துக்கு மேல் எட்ச் பிரைமரோ எபொக்சியோ அடித்தால் பிடிக்காது.

பிறகு 180 அல்லது 240 எமரியால் முழுதும் ஒருதரம். இதற்குப் பின் வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வையும் உப்புத்தான். துப்புரவான பழைய பெனியன் துணியில் தின்னர் தொட்டுத் துடையுங்கள், துணியை மாற்றி மாற்றி. சீற் தண்டு போகும் குழாய், ஹான்டில் கிண்ணங்கள், பெடல் அச்சு மரை, எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பாலோ சுருட்டிய கடதாசியாலோ அடையுங்கள். பிரேம் இலக்கம் வெட்டியிருக்கும் இடம் பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே, அங்கே மெல்லிசாக மட்டும் அடியுங்கள், இலக்கம் மூடப்பட்டால் சைக்கிள் களவு போகும் நாளில் உங்களுடையது என்று காட்ட வழியில்லை.

பிரேமை ஒரு கம்பியில் மரத்திலோ கொட்டில் வளையிலோ தொங்கவிடுங்கள். நிலத்தை நனைத்தால் தூசி எழும்பாது. கேனை உள்ளேயிருக்கும் குண்டு சத்தம் கேட்கத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் குலுக்குங்கள், அடிக்கும்போதும் இடைக்கிடை குலுக்குங்கள். 25 சென்ரிமீற்றர் தூரம், கை நிற்காமல் ஓட வேண்டும், குழாய்க்கு வெளியே விரலை அழுத்தத் தொடங்கி மறுபக்கம் வெளியே போய் விட வேண்டும், ஒவ்வொரு ஓட்டமும் முந்தினதன் பாதியை மூட வேண்டும். முதலில் மூட்டுகள், குழாய்களின் அடிப்பக்கம், மூலைகள். பார்வைக்குத் தெரியும் மேல்பக்கம் கடைசி. முதல் பூச்சில் இரும்பு ஊடாகத் தெரிந்தால் சரி, அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே தடவையில் மூடிவிட நினைத்தால் வடியும்.

பிரைமர் இரண்டு பூச்சு, கேனில் சொன்ன இடைவெளியில். காய்ந்தபின் 400 வாட்டர் பேப்பரை நனைத்து மெதுவாக, விளிம்புகளில் கவனமாக, இரும்பு தெரியாதபடி. தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்குத் திரும்பவும் பிரைமர். பிறகு நிறம் மூன்று மெல்லிய பூச்சு, பூச்சுக்கிடையில் பத்து பதினைந்து நிமிடம், அதே நாளில் கிளியர் இரண்டு மூன்று. ஒவ்வொரு தடவையும் அடித்து முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை அழுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்தமுறை மூக்கு அடைத்துத் துப்பும்.

நிறம்: வெள்ளை, கறுப்பு, கறள் சிவப்பு வெயிலில் நிற்கும். பிரகாசமான சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளிறும், பளீரிடும் புளொரசன்ட் நிறங்கள் இன்னும் சீக்கிரம்.

காயவிடுதல்

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கு இறுகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலானவர்கள் பின்னேரமே டயரைப் பூட்டி ஓடத் தொடங்குகிறார்கள், பிறகு பிரேக் வயர் உரசிய இடத்திலும் பூட்டுச் சங்கிலி சுற்றிய இடத்திலும் பெயின்ட் உரிந்து வருகிறது என்று கேனைத் திட்டுகிறார்கள். அக்ரிலிக்குக்கு ஒரு கிழமை, எனாமலுக்கு அதைவிடக் கூட. வீட்டுக்குள் தொங்கவிடுங்கள், காற்றோட்டம் வேண்டும், கடற்காற்று வேண்டாம். மறைவான ஒரு இடத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை. பூட்டும்போது நட்டுக்குக் கீழே வாசர் போடுங்கள், நட்டு சுழலும்போது பெயின்ட்டையும் சேர்த்துத் திருகி எடுக்கும். வயர் உரசும் இடங்களில் தெளிவான டேப் துண்டு ஒன்று ஒட்டிவிடுங்கள்.

குழாயின் உள்பக்கத்தை ஸ்பிரேயால் காப்பாற்ற முடியாது. பூட்டுவதற்கு முன் சீற் குழாய் வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிரேமை எல்லாப் பக்கமும் சாய்த்து உருட்டுங்கள், மிச்சம் பெடல் அச்சுப் பக்கத்தால் வடியட்டும். வெளியே படும் எண்ணெய்யை உடனே துடையுங்கள். சீற் தண்டுக்குக் கிரீஸ் பூசிப் போடுங்கள், பூசாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் இறுகிப்போய்க் கழற்ற முடியாமல் வரும்.

அலுமினியப் பிரேம் என்றால் எட்ச் பிரைமர்தான் முதல் பூச்சு, அதற்கு மேல் அது ஏற்கும் அக்ரிலிக் பிரைமர், பிறகு நிறம். சிங்க் வேண்டாம். வள்ள எஞ்சினின் அலுமினியக் காலுக்கு அடிக்கிறவர்களும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம், ஆனால் அதில் பூட்டியிருக்கும் சிங்க் கட்டிக்குப் பெயின்ட் படவே கூடாது, பட்டால் கட்டி அரிபடாமல் கால் அரிபடத் தொடங்கும். பாசி பிடிக்காமல் அடிக்கும் செப்புக் கலந்த பெயின்ட்டையும் அலுமினியத்துக்கு அடிக்காதீர்கள், கடல்தண்ணீரில் செப்பு அலுமினியத்தைச் சாப்பிட்டுவிடும்.

பிறகு பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. வாடைக்காற்றுக் காலத்தில் கிழமைக்கு ஒருதரம் நல்ல தண்ணீர் ஊற்றித் துடையுங்கள், கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே. கல் பட்டு இரும்பு தெரிந்தால் அதை விட்டுவைக்காதீர்கள், கடற்கரையில் ஒரு சின்னப் பொட்டுத்தான் ஒரு மாதத்தில் சுற்றியிருக்கும் பெயின்ட்டுக்கு அடியால் ஓடும். அந்த இடத்தைக் கழுவிச் சின்ன எமரித் துண்டால் தேய்த்து, மிச்சமிருக்கும் பிரைமர் கேனிலிருந்து ஒரு சோடா மூடிக்குள் கொஞ்சம் அடித்தெடுத்து, தீக்குச்சி நுனியால் தொட்டு வையுங்கள், காய்ந்ததும் நிறத்தையும் அப்படியே. குமிழ் இல்லாத கேன்களை அதற்காகவே முடியும்வரை வைத்திருங்கள், நிழலில்.